தராசில் ஏறாத கணக்கு

பால்மரத் தோட்டத்தில் ஒரு ஹெக்டருக்கு நானூறு, நானூற்றைம்பது மரங்கள் நிற்கும். அப்படியானால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் சராசரியாக ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஆளுக்கு ஐந்நூறு மரம் என்று வைத்துக்கொண்டால், வெட்டிக்கொண்டே போக ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். பால் எடுக்க அதே நிரைகளில் இன்னொரு இரண்டரை. ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்து மரங்கள் நிற்கும் தீம்பாருக்குப் போன தூரமும், இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்த தூரமும் இதில் சேரவில்லை. ஐந்நூறு தடவை நின்று, குனிந்து, பட்டையில் உளியை இழுத்ததும் சேரவில்லை.

இந்த வேலை ஏன் இருட்டிலேயே தொடங்கியது? இரவில் இலைகள் வழியாக மரம் இழக்கும் நீர் குறைவு. அதனால் பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களின் அழுத்தம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்தின் உடல் சொன்ன நேரத்துக்கு மனிதர் எழுந்து நடந்தார்கள்.

கெடாவில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக்கிலிருந்து செமெலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி வரை பல குடும்பங்களின் தாத்தா பாட்டிக்கு இதுதான் அன்றாடம். அவர்களில் யாரும் உடற்பயிற்சி செய்ததாக நினைத்துக்கொண்டதில்லை. உடம்பு ஒல்லியாக இருந்ததற்கு மனக்கட்டுப்பாடும் காரணமில்லை. வேலையும் அரைவயிற்றுக் கூலியும்தான் காரணம். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதே நிலத்துக்குக் குறைந்த ஆட்களே போதும் என்றானது. லயத்து வீடுகளை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தோம். பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். வாசலில் மோட்டார் வந்து நின்றது, அப்புறம் கார். ஒரு தலைமுறைக்குள் நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் நடை காணாமல் போனது. யாரும் அதைக் கைவிடவில்லை. அது கையைவிட்டுப் போனது.

2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், மலேசியாவின் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம் பங்குதான் அதிகம். இனிப்புநீரும் அப்படியே: 2019-இல் நாட்டுச் சராசரி 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4.

இதற்கு ஊரில் கிடைக்கும் விளக்கம் ஒற்றைச் சொல்: சோம்பல். அறிவியல் தரும் விளக்கம் அதைவிட நீளமானது. எடை கூடிய ஒருவர் இன்று எழுந்து நடந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான விடையும் அந்த விளக்கத்திலேயே இருக்கிறது.

சணல் ஆலையில் கிடைத்த பாடம்

1956-இல் ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளரும் இந்தியச் சகாக்களும் வங்காளத்தின் ஒரு சணல் ஆலையில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஆலையில் எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள்: நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருப்பவர், மேற்பார்வையாளர், குமாஸ்தா, இயந்திரம் ஓட்டுபவர், சுமை தூக்குபவர், நிலக்கரி அள்ளுபவர். இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையின் கடுமையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

லேசான வேலையிலிருந்து கடுமையான வேலைவரை, உழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியது. எடை ஏறக்குறைய மாறவில்லை. பசி தன் கணக்கைச் சரியாகப் போட்டது. உட்கார்ந்தே இருந்தவர்களிடம் மட்டும் கணக்கு உடைந்தது. உழைப்பு மிகக் குறைவு, சாப்பாடோ சுமை தூக்குபவருக்குக் குறைவில்லை. எடையில் எல்லோருக்கும் மேலே நின்றவர்கள் அவர்கள்தான்.

உட்கார்ந்து கணக்கெழுதிய நம் தோட்டத்துக் கிராணியையும் பால்வெட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே இது புரியும். இன்றைய தாமானில் பெரும்பாலோர் கிராணி பக்கம் வந்துவிட்டோம். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அசைவு குறைந்தால், 'போதும்' என்று வயிறு சொல்லும் சொல்லை நம்ப முடிவதில்லை.

ஒரு ரொட்டி சானாய்க்கு எத்தனை கிலோமீட்டர்?

'ரெண்டு மாசமா நடக்கிறேன் டாக்டர், ஒரு கிலோகூட எறங்கல.' அரசாங்கக் கிளினிக்கின் எந்த வரிசையிலும் கேட்கக்கூடிய வார்த்தை இது. சொல்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்.

நூறு கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக எரிவது சுமார் 150 முதல் 200 கலோரி. பசியாறும்போது சாப்பிடும் ஒரு ரொட்டி சானாயில் 300 கலோரியை ஒட்டி இருக்கிறது. கறியும் தே தாரிக்கும் தனி. முக்கால் மணி நேர நடையை ஐந்து நிமிடச் சாப்பாடு விழுங்கிவிடும்.

கணக்கு அதோடும் நிற்பதில்லை. 2012-இல் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர், தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை அளந்தார்கள். நாள் முழுக்க நடப்பவர்கள், எக்கச்சக்கமாகச் செலவழிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். உடலளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, நகரத்து அமெரிக்கரின் செலவுக்கும் அவர்களின் செலவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அசைவுக்கு அதிகம் செலவானால், உடம்பு வேறு எங்கோ மிச்சம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். அந்த விளக்கத்தின் மீது விவாதம் ஓயவில்லை. ஆனால் சாப்பாடு மாறாமல் நடையால் மட்டும் எடை பெரிதாக இறங்குவதில்லை என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய சண்டை இல்லை.

அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்?

எடை மாறாமல் கிடைத்த லாபம்

இதற்குச் சென்னையிலிருந்தே ஒரு பதில் வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், இனிப்புநீரின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. தினம் அரைமணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்கவும், மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குறைக்கவும் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்ட பிரிவில் 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த பிரிவும் ஏறக்குறைய இதே அளவில்தான் நின்றது. வியப்பு என்னவென்றால், நடந்தவர்களின் எடை சொல்லும்படி குறையவே இல்லை. தராசு அசையவில்லை, நோய் மட்டும் தள்ளிப்போனது.

கனடாவில் ராபர்ட் ராஸ் இன்னும் துணிந்து ஒரு சோதனை செய்தார். உடற்பருமன் கொண்ட ஆண்களில் ஒரு பிரிவினரை மூன்று மாதம் பயிற்சி செய்யச் சொன்னார். செலவான கலோரியைச் சாப்பாட்டில் திருப்பிக் கொடுத்து, எடை இறங்காதபடி வேண்டுமென்றே பார்த்துக்கொண்டார். அப்படியும் குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் உட்கொழுப்பு குறைந்திருந்தது.

நம்மவர்களுக்கு இந்த உட்கொழுப்பு தனிப்பட்ட வில்லன். 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்ற படம் வந்தது: லண்டன் ஜான் யுட்கின், புனே சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்துக்கும் எடைக்குமான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பின் பங்கோ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஆசியர்களுக்கான எல்லைக்கோட்டைக் கீழே இறக்க வேண்டியிருந்தது இதனால்தான். மலேசிய மருத்துவ வழிகாட்டியில் பிஎம்ஐ 23-ஐத் தொட்டால் மிகை எடை, 27.5-ஐத் தொட்டால் உடற்பருமன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டாவது கோடு 70 கிலோவில் வந்துவிடுகிறது. இடுப்பளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 என்பதும் எச்சரிக்கைக் கோடுதான்.

தசைக்குள் இன்னொரு கதவு

எடை குறையாமலே நோய் தள்ளிப்போவது எப்படி? தொடைத் தசைக்குள் போய்ப் பார்க்கலாம்.

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கைத் தசைகள்தான் வாங்கிக்கொள்கின்றன. தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்ற புரதங்கள் சின்னஞ்சிறு பைகளில் அடைந்து கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால் அவை செல்லின் விளிம்புக்கு நகர்ந்து சர்க்கரையை உள்ளே விடும். எடை கூடிய பலரிடமும், இனிப்புநீர் தொடங்கியவர்களிடமும், இன்சுலின் சொல்வது தசையின் காதில் சரியாக விழுவதில்லை. முன்கதவு துருப்பிடித்துவிட்டது.

ஆனால் வீட்டுக்குப் பின்கதவும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் கட்டளை இல்லாமலே அதே குளூட்-4 விளிம்புக்கு வருகிறது. இந்த வழி உடற்பருமனிலும் இனிப்புநீரிலும் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. நடக்கிற ஒவ்வொரு அடியிலும் சர்க்கரை பின்வழியாக உள்ளே போகிறது.

1989-இல் கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழுவினர் செய்த சோதனை, பயிற்சி முன்கதவையும் இளக்குவதைக் கண்முன் நிறுத்தியது. தன்னார்வலர்கள் உட்கார்ந்தபடி ஒரே ஒரு காலை மட்டும் மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து இன்சுலின் செலுத்தி இரண்டு கால்களையும் அளந்தார்கள். ஆள் ஒன்று, இரத்தம் ஒன்று, இன்சுலின் ஒன்று. உழைத்த கால்தான் கூடுதல் சர்க்கரையை வாங்கியது. பயிற்சி முடிந்து மணிக்கணக்கான பிறகும், இன்சுலினின் முன்கதவு அந்தக் காலில் மட்டும் கூடுதல் எளிதாகத் திறந்தது.

நடத்துநரின் கால்சட்டை

இதயத்தின் கதையை லண்டன் பேருந்துகள் சொல்கின்றன. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் வெளியிட்ட ஆய்வு, இரட்டை மாடிப் பேருந்தின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டது. ஒருவர் நாள் முழுக்க இருக்கையில். மற்றவர் பயணச்சீட்டுக் கொடுக்க ஒரு நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறுபவர். இதயநோய் நடத்துநர்களிடம் தெளிவாகக் குறைவு.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. ஓட்டுநர்கள் முதலிலிருந்தே குண்டாக இருந்திருந்தால்? மாரிஸ், போக்குவரத்து நிறுவனம் சீருடை தைத்துக் கொடுத்த கணக்குப் புத்தகங்களைத் தேடிப்போனார். ஒவ்வொருவரின் கால்சட்டை இடுப்பளவும் அதில் இருந்தது. ஓட்டுநர்களின் இடுப்பு பெரியதுதான், அதை 1956-இல் அவரே எழுதினார். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோது, எந்தப் பிரிவிலும் திடீர் மரணம் ஓட்டுநர்களிடம்தான் அதிகம். இடுப்பு பெருத்த நடத்துநரையும் படிக்கட்டு காத்தது.

எடை ஒரு பொருட்டே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கூடுதல் எடையின் ஆபத்து முழுவதையும் நடை துடைத்துவிடுவதில்லை. ஆனால் அதே எடையில் அசைகிற உடம்புக்கும் அசையாத உடம்புக்கும் இடையே உள்ள தூரம் பெரியது.

முழங்காலும் வெயிலும்

எடை கூடியவர் நடப்பது ஒல்லியானவர் நடப்பது போன்றதல்ல. அதே தூரத்துக்கு அதிக ஆற்றல், அதிக வியர்வை, அதிக மூட்டுச் சுமை. ஆகவே மெதுவாக நடந்தாலே அவருடைய இதயத்துக்கு அது நல்ல பயிற்சி. பக்கத்து வீட்டுத் தம்பி முந்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு பற்றவில்லை என்றால் வேகம் சரி.

முழங்கால்தான் முதல் முட்டுக்கட்டை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை அளந்த ஸ்டீஃபன் மெஸ்ஸியர், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் காட்டினார். அதற்காக, எடை இறங்கும்வரை நடக்காமல் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ரேமண்ட் பிரௌனிங் குழுவினர் கண்டது வேறொரு வழி: சமதரையில் வேகமாக நடப்பதைவிட, லேசான ஏற்றத்தில் மெதுவாக நடந்தால் முழங்காலுக்குச் சுமை குறைவு, உழைப்போ கிட்டத்தட்ட அதே அளவு. மெர்போக்குக்கு இது கொடுத்துவைத்த செய்தி. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையின் சரிவு ஊருக்குள்ளேயே இறங்கி வருகிறது. பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் காட்சியகம் இருக்கும் புக்கிட் பத்து பாஹாட் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அங்கே சண்டி எனப்படும் பழங்கோயிலின் பக்கம் மெல்ல ஏறினாலே போதும். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம் என்பதால், திரும்பி வரும்போது எட்டுகளைச் சிறிதாக வைக்க வேண்டும்.

ஏற்றமும் முடியாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. மார்பளவு நீரில் நின்றால் காலில் இறங்கும் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுதான். தட்டையான தரையுள்ள நீச்சல் குளம் இதற்கு நல்லது. பக்கத்துத் துப்பா அருவியின் பாறைகள் குளிக்கச் சுகம். நடைப்பயிற்சிக்கு அவை வழுக்கும். வெளியே போகவே மனமில்லாத நாளில், சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து தடவை, தொடைக்கு முழு வேலை.

அடுத்தது வெக்கை. கனத்த உடம்பு நடக்கும்போது அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேறும் தோலின் பரப்பு எடையோடு ஒப்பிட்டால் குறைவு. கெடாவின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும்; சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது. எட்டரைக்குள் முடித்துவிடலாம், அல்லது மாலை ஆறுக்கு மேல் கிளம்பலாம். தொடை உரசிப் புண்ணாகும் என்று பயந்து நடையை விட்டவர்கள் உண்டு. நீளமான இறுக்க உள்ளாடையும் கொஞ்சம் வாசலினும் அதைத் தீர்த்துவிடும்.

இனிப்புநீருக்குக் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பின்கதவு வேலை செய்யும் விதத்தை நினைவில் வைக்க வேண்டும். நடை தானாகவே சர்க்கரையை இறக்குவதால், வெறும் வயிற்றில் நீண்ட தூரம் போனால் மயக்கம் வரலாம். பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்தி, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தடை ஒன்றும் உண்டு. 'என்னா அண்ணே, வயிறு எறங்கிடுச்சா?' என்று கடை வாசலிலிருந்து வரும் குரல். கேட்பவருக்கு அது விளையாட்டு. மறுநாள் அந்த அண்ணன் நடக்க வரமாட்டார். எழுந்து வந்தவரைக் கேலியால் திருப்பி அனுப்புகிற தாமான், அவருடைய இரத்தச் சர்க்கரையை ஏற்றி அனுப்புகிறது.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் ஐ-மின் லீ அமெரிக்காவின் மூத்த பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500-ஐத் தாண்டியதும் லாபம் மட்டமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவைக் கேட்கிறது. முன்பு இருந்த 'ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. சந்தையில் நடந்ததும், கோயிலைச் சுற்றி வந்ததும், வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டியதும் கணக்கில் சேரும்.

கணக்கில் சேராதது ஒன்றுதான்: போன வாரம் நடந்தது. ஒரு தடவை உழைத்த தசை இன்சுலின் சொல்வதைக் கூர்ந்து கேட்பது ஒன்றிரண்டு நாள்தான். பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் இனிப்புநீர் மருத்துவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்க வேண்டாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே மூச்சாக மலையேறுவதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் தாமானை இரண்டு சுற்று வருவது அந்தத் தசைக்கு உகந்தது. கிளினிக்கில் அடுத்த முறை தராசில் ஏறி முடித்ததும், இடுப்பளவையும் இரத்த அழுத்தத்தையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததற்கான கூலி பெரும்பாலும் அந்த மூன்று எண்களில்தான் வரவாகிறது.